பிய்ந்து வந்த கூடைகள்: தண்டையார்பேட்டை ஒயர் கூடைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் அந்தக் கடை இருக்கிறது. பத்துக்குப் பத்து அடிகூட இராது. கையால் பின்னிய ஒயர் கூடைகளும் கொஞ்சம் துணிப்பைகளும் விற்கிறார்கள். நடத்துபவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண். தன் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே அவரை அக்கா என்றே எழுதுகிறேன். தெருவிலும் எல்லோருக்கும் அவர் அக்காதான். வீட்டில் இருந்தபடியே கூலிக்குக் கூடை போட்டுத் தரும் சில பெண்கள் அவரோடு சேர்ந்திருக்கிறார்கள்.

வடசென்னையில் சிறுதொழில் செய்யும் பெண்களுக்குக் கணக்கு வைக்கச் சொல்லித் தருவது என் வேலையில் ஒரு பகுதி. கைவினைப் பொருள் செய்பவர்களிடம் நான் அதிகம் கேட்ட கவலை பணத்தைப் பற்றியது அல்ல. “புதுசா என்ன போடுறதுன்னே தெரியலக்கா” என்பதுதான். கற்பனை வறண்டுவிட்டது என்கிறார்கள், ராத்திரி முழுக்க ரீல்ஸ் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்கள், காலையில் எழுந்து போன வாரம் போட்டதையே மறுபடி போடுகிறார்கள். இந்தக் கடைக்கும் அதே நோய் வந்து தெளிந்தது. தெளிய வைத்தது கடையின் ஒரு மூலையில் போட்ட ரிப்பேர் மேசை. அது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் பின்பற்றக்கூடிய வேலைமுறை ஒன்று இருக்கிறது.

முதலில் கடை இருந்த நிலை

அக்காவுக்குக் கூடை போடக் கற்றுக்கொடுத்தது அவர் அம்மா. பள்ளி விடுமுறையில் திண்ணையில் உட்கார்ந்து சாதா முடிச்சு, பிறகு சிவன் கண் முடிச்சு, அதன்பிறகு நெல்லிக்காய் முடிச்சு. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைப் பெண்கள் இந்த வரிசையில்தான் கற்றார்கள். 1980, 90களில் ரேஷன் கடைக்கும் காய்கறிக் கடைக்கும் ஒயர் கூடை இல்லாமல் போனவர்கள் குறைவு. பிறகு கேரி பேக் வந்து கூடையைப் பரணில் ஏற்றியது.

திருப்பம் 2019இல். அந்த ஆண்டு ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. பரணிலிருந்து கூடைகள் இறங்கின. இல்லாதவர்கள் வாங்கத் தேடினார்கள். வீட்டு வாசலில் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்த அக்கா வாடகைக்குக் கடை பிடித்தது அந்த நேரத்தில்தான்.

ஆரம்பத்தில் நன்றாகப் போனது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுக்கும் குட்டிக் கூடைகள், கல்யாணத்துக்குத் தாம்பூலக் கூடைகள் என்று மொத்த ஆர்டர் வந்தது. சீசன் முடிந்ததும் கடை வெறிச்சோடியது. அப்போதுதான் புது டிசைன் தேடும் படலம் தொடங்கியது. கைப்பேசியில் பார்த்த ஃபேஷன் ஹேண்ட்பேக், மொபைல் பவுச், முத்து கோத்த பர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாமே அழகாகத்தான் இருந்தன. ஆனால் அதே வீடியோவைப் பார்த்த இன்னும் ஆயிரம் பேரும் அதையேதான் போட்டார்கள். தெருவில் போகிற பெண்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்று சொல்லித் திரும்ப மாட்டிவிட்டுப் போனார்கள்.

அந்தப் பொருட்களில் திறமைக் குறைவு இல்லை. அவை யாருக்காகவும் செய்யப்படவில்லை என்பதுதான் குறை. அந்தப் பர்ஸை யார் எங்கே எடுத்துப் போவார், உள்ளே என்ன வைப்பார் என்று கேட்டால் அக்காவிடம் பதில் இருந்திருக்காது.

ரிப்பேர் மேசை

ஒரு நாள் வயதான ஒரு அம்மா பச்சையும் வெள்ளையும் கலந்த பழைய கூடை ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு பக்கக் கைப்பிடி அறுந்து தொங்கியது.

“இன்னா கண்ணு, இத்தப் போட்டுக் குடுப்பியா? எங்க அக்கா போட்ட கூட இது. தூக்கிப் போட மனசு வரல.”

“குடுங்கம்மா, பாக்குறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கங்க.”

கைப்பிடியை மாற்றும்போது அக்கா கூடையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்திருக்கிறார். உடம்பு முழுக்கக் கெட்டியாக இருந்தது. கைப்பிடி சேரும் இடத்தில் மட்டும், அதுவும் உள்பக்கம் ஒரே புள்ளியில் தேய்ந்திருந்தது. மறுநாள் வந்தபோது கேட்டார்: “எதுல மாட்டுவீங்க?” பேரன் ஸ்கூட்டரின் முன்கொக்கியில் தொங்கவிட்டுத்தான் தினமும் மார்க்கெட் போய் வருகிறார் அந்த அம்மா. கையில் தூக்குவதற்காகப் போடப்பட்ட கைப்பிடி, பல வருஷமாக இரும்புக் கொக்கியில் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில்தான் இந்தக் கடை மாறியது என்பது என் கணிப்பு. அக்கா அப்படி நினைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை வேலை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது. அதற்குப் பிறகு “பழைய ஒயர் கூடை ரிப்பேர் செய்து தரப்படும்” என்று ஓர் அட்டை வாசலில் தொங்கியது. கொருக்குப்பேட்டை, காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை என்று பல பக்கமிருந்தும் கூடைகள் வந்தன.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான். மஞ்சப்பைக்குப் பக்கத்தில் வைத்து அதையும் இயற்கைப் பொருள் மாதிரி விற்பவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒயர் கூடைக்கு இருக்கும் ஒரே நியாயம் அதன் ஆயுள். இருபது வருஷம் உழைத்தால் அது எத்தனையோ கேரி பேக்கைத் தவிர்க்கிறது. கைப்பிடி அறுந்ததற்காகக் குப்பைக்குப் போனால் குப்பைமேட்டுக்குக் கனம் கூட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே கூடை விற்கும் கடை ரிப்பேரும் செய்வது கூடுதல் சேவை என்று நான் கருதவில்லை. விற்பதன் மறுபாதி அது.

ரிப்பேர் செய்யும் முறையை அக்கா கற்றது காசிமேட்டில். மீன்பிடித் துறைமுகத்தில் கரையோரம் உட்கார்ந்து வலை சீர்செய்பவர்களைக் கவனித்திருக்கிறார். கிழிந்த இடத்தில் அவர்கள் அப்படியே ஒட்டுப் போடுவதில்லை. முதலில் கிழிசலைச் சுற்றி உள்ள நைந்த வலைக்கண்களை வெட்டி எடுத்து, கெட்டியான முடிச்சு வரைக்கும் போய், அங்கிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். பார்ப்பவருக்கு ஓட்டை பெரிதாகிறது என்று தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால்தான் புது நூல் பிடிக்க உறுதியான இடம் கிடைக்கும். கூடையிலும் அக்கா இதையே செய்கிறார். பிய்ந்த முடிச்சின் மேல் புது ஒயரைச் சொருகி இழுப்பதை விட்டுவிட்டார். நல்ல வரிசை வரும் வரை அவிழ்த்து, அங்கிருந்து ரன்னிங் ஒயரை, அதாவது குறுக்கே ஓடி முடிச்சுப் போடும் ஒயரை, புதிதாகத் தொடங்குகிறார். நேரம் அதிகம் ஆகிறது. ஆனால் ஒருமுறை சரிசெய்த இடம் மறுபடி பிய்ந்து வந்ததில்லை என்கிறார்.

மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பள்ளிப்பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டுதான். வரும் ஒவ்வொரு கூடைக்கும் சில வரிகள்: எந்த இடத்தில் போயிருக்கிறது, உள்ளே என்ன வைப்பார்கள், எதில் எடுத்துப் போவார்கள், வேறென்ன சொன்னார்கள். பெயர், விலாசம் எழுதுவதில்லை. நான் பார்த்த சில பதிவுகள் இப்படி: “அடி மூலை தேஞ்சி போச்சி. ரோட்ல வெச்சி வியாபாரம். கருவேப்பில கொத்தமல்லி.” “உள்ள செதில் மாட்டிக்கினு வாசன போவல.” “பிளாஸ்க் சாயுது.”

மாதம் ஒருமுறை, வியாபாரம் மந்தமான ஒரு மதியத்தில் அக்கா நோட்டை முதலிலிருந்து படிக்கிறார். எந்தக் குறை திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கு ஒரு கூடை போட்டுப் பார்க்கிறார். டிசைன் தேடும் வேலை இந்தக் கடையில் இவ்வளவுதான்.

நோட்டிலிருந்து வந்தவை

மீன் கூடையை முதலில் சொல்கிறேன், அதுதான் கடைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது.

காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். அங்கே வாங்கித் தலையிலும் ஆட்டோவிலும் ஏற்றிப் போய்த் தெருத்தெருவாக விற்கும் பெண்களுக்குப் பெரிய அலுமினியக் கூடைகள் உண்டு. அவர்கள் இந்தக் கதையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மீன் வாங்கப் போகும் குடும்பங்களின் கூடைகள்தான் ரிப்பேருக்கு வந்தன. அடிப்பாகத்தில் நெருக்கிப் போட்ட முடிச்சுகளுக்கு இடையே செதில் மாட்டிக்கொண்டு, எவ்வளவு கழுவினாலும் வாடை போகாமல் இருந்தது. கீழே வைத்தால் தண்ணீர் தேங்கி அடி ஊறியது.

அக்கா போட்ட முதல் மாதிரியில் அடியை மட்டும் தளர்த்தினார். வரிசைக்கு வரிசை ஒரு முடிச்சை விட்டு ஒரு முடிச்சு போட, ஜன்னல் ஜன்னலாக இடைவெளி கிடைத்தது. குழாயடியில் பிடித்தால் தண்ணீர் நேராக இறங்கிவிடும். ஆனால் கனம் ஏறியதும் அடி தொங்கியது. அடுத்த மாதிரியில் நீளவாட்டில் இரண்டு இடங்களில் இரட்டை ஒயர் கொடுத்து முறுக்கேற்றினார். பக்கச் சுவரை இறுக்கமாகவே வைத்தார், இல்லையென்றால் முள்ளும் செதிலும் காலைக் குத்தும். மூலைகளுக்கு அவர் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. நெல்லிக்காய் முடிச்சு உப்பலாக நிற்கும், அதை எல்லோரும் அழகுக்குத்தான் பயன்படுத்துகிறார்கள். அக்கா நான்கு சிறு உருண்டைகளைத் தனியாகப் போட்டு அடி மூலைகளில் இறுக்கிக் கட்டினார். கூடைக்குக் கால் கிடைத்தது. தரையிலிருந்து விரலளவு உயர்ந்து நிற்பதால் அடியில் தண்ணீர் தேங்காது. தேய்வதும் அந்த உருண்டைதான், தேய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பின்னலில் சிலவற்றை விட்டுவிட்டால் புதுப் பொருள் பிறக்கும் என்பதற்கு இந்த ஊர்த் துணிக்கே ஒரு வரலாறு உண்டு. சென்னை வட்டாரத்தில் நெய்து கப்பலேறிய கட்டம் போட்ட மெட்ராஸ் பருத்தித் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் மிகவும் மதிக்கப்பட்டது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலாபாரிப் பெண்கள் அந்தத் துணியை வாங்கி, குறிப்பிட்ட இழைகளை மட்டும் அறுத்து உருவி எடுத்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் நூலில் வேறொரு கோலம் தெரியும். நெய்தவர் கனவிலும் நினைக்காத டிசைன் அது, சடங்குகளில் உடுத்தும் மதிப்பான துணி. இதை அக்காவிடம் சொன்னபோது அடிப்பாகத்தின் ஜன்னல்களைக் காட்டி, “அப்ப நம்ம துணிய வெச்சி அவங்க பண்ணத, நான் ஒயர்ல பண்ணியிருக்கேன்” என்றார்.

ஸ்கூட்டர் கொக்கிக்கு வந்த தீர்வு எளிமையானது. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு குட்டி வளையம். கொக்கியில் மாட்டுவது வளையத்தை. அது நைந்தால் சில நிமிஷத்தில் புதிது போடலாம், கைப்பிடிக்குச் சேதம் இல்லை. இப்போது கடையில் விற்கும் எல்லாப் பெரிய கூடையோடும் ஒரு வளையம் கூடுதலாகவே கொடுக்கிறார்கள்.

மதிய உணவுக் கூடைக்குக் காரணம் மெட்ரோ. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, வேலைக்குப் போகும் பெண்கள் மடியில் கூடை வைத்துக்கொண்டு பயணம் செய்கிறார்கள். வழக்கமான கூடையின் அடி குறுகலாக இருப்பதால் டிபன் பாக்ஸ் சாய்ந்து குழம்பு கசிகிறது. அடி அகலம், உயரம் குறைவு, வாய் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும்படி ஒன்று போட்டார். கவரும் புதுமை எதுவும் அதில் இல்லை, ஆனால் சீசன் பார்க்காமல் வருஷம் முழுக்க விற்கும் பொருள் அதுதான்.

ஆஸ்பத்திரிக் கூடையைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில். ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. வடசென்னையில் யாருடைய குடும்பமும் இந்த இரண்டு வாசலையும் மிதிக்காமல் இருந்திருக்காது. நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் கொண்டு போவது எப்போதும் ஒரே மாதிரிதான்: பிளாஸ்க், டம்ளர், போர்வை, மாத்திரை, சீட்டுகள், ஸ்கேன் எடுத்த பெரிய கவர். கவர் கூடைக்குள் போகாது, மடித்தால் ஃபிலிம் கெடும், கையில் பிடித்தால் இன்னொரு வேலைக்குக் கை இருக்காது. பிளாஸ்க் சாய்கிறது என்று நோட்டில் எழுதியிருந்த பதிவுகளை ஒன்றாகப் படித்தபோதுதான், அவற்றில் பல ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த கூடைகள் என்பது அக்காவுக்குப் பிடிபட்டது. ஒவ்வொருவராகக் கேட்டபோது யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது கூடையைப் பற்றியா கவலைப்படுவார்கள்?

ஒரு பக்கச் சுவரின் வெளியே, உயரமான தட்டைப் பை ஒன்று. கவர் அதில் மடியாமல் நிற்கும். உள்ளே மூலையில் பிளாஸ்க் நிற்க ஒரு வளையம். நிறம் அடர் நீலமும் சாம்பலும், அழுக்கு தெரியாமல் இருக்க. முதல் சில கூடைகளுக்கு அவர் விலை சொல்லவில்லை. ரிப்பேருக்கு வந்தவர்களிடமே கொடுத்து, பயன்படுத்திவிட்டு வந்து சொல்லச் சொன்னார். கவர்ப் பையின் வாய் திறந்திருப்பதால் மழையில் நனைகிறது என்று ஒருவர் சொல்ல, துணியில் மூடி தைத்துச் சேர்த்தார்கள்.

நிறம் எங்கிருந்து வந்தது

உருவம் தேவையிலிருந்து வரும் என்றால் நிறமும் அப்படியே வருமா? இதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. அழகு என்பது தனி விஷயம் அல்லவா?

ரிப்பேர் மேசை இங்கேயும் உதவியிருக்கிறது, வேறு விதமாக. பழைய கூடையைப் பிரிக்கும்போது முடிச்சுக்குள் மறைந்திருந்த பகுதியில் ஒயரின் அசல் நிறம் தெரியும். வெளியே வெயில் பட்டு வெளுத்த நிறம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பல கூடைகளைப் பிரித்த பிறகு அக்காவுக்கு ஒரு பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது: ரோஜா நிறமும் சிவப்பும் அவர் கைக்கு வந்தவற்றில் சீக்கிரம் வெளுத்தன, கறுப்பும் அடர் பச்சையும் தாக்குப் பிடித்தன. சிவப்பும் கறுப்பும் கலந்த கூடை கொஞ்ச காலத்தில் பார்க்கச் சகிக்காமல் போகிறது, ஒன்று வெளுக்க மற்றது அப்படியே நிற்பதால். இப்போது அவர் ஒன்றாக வயதாகும் நிறங்களைச் சேர்க்கிறார். பால்கனியில் செடித்தொட்டி வைக்க என்று கேட்பவர்களிடம் வெயிலில் வெளுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

சேர்க்கைகளுக்கு அவர் பார்ப்பது இரண்டு இடங்கள். ஒன்று, கட்டம் போட்ட கைலி. ஒயர் கூடையின் சாதா முடிச்சில் நிற்கும் ஒயரும் ஓடும் ஒயரும் இரண்டுமே வெளியில் தெரியும். துணியில் நெடுக்கே போகும் பாவும் குறுக்கே போகும் ஊடும் போலவே. அதனால் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் தொங்கும் கைலியின் கட்டத்தை எண்ணிப் பார்த்து, அதே வரிசையில் ஒயரை வெட்டி வைத்தால் கூடையில் அதே கட்டம் விழுகிறது. புடவைப் பூவைக் கூடையில் கொண்டு வர முயன்று தோற்றவர்கள் பலர். நெசவுக் கட்டம் மட்டும் சிரமமில்லாமல் இறங்குகிறது, காரணம் இரண்டும் ஒரே மாதிரி குறுக்கும் நெடுக்குமாக உருவாவதுதான். எந்தக் கைவினைக்கும் இது பொருந்தும் என்று எண்ணுகிறேன்: தன் பொருளின் கட்டமைப்புக்கு நெருங்கிய இன்னொரு வேலையைத் தேடிப் பார்ப்பவருக்கு யோசனை சீக்கிரம் கைகூடும்.

மற்றொன்று படகுகள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த மாதங்களில் காசிமேட்டில் படகுகளைப் பழுது பார்த்துப் புது வண்ணம் அடிப்பார்கள். பெயர் எழுதுபவர்கள் எந்த நிறத்தின் மேல் எந்த நிறத்தில் எழுதினால் தூரத்திலிருந்து படிக்க முடியும் என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள். தூரத்திலிருந்து தெரிய வேண்டிய தேவை சந்தையில் தொங்கும் கூடைக்கும் உண்டு. மஞ்சள் விளிம்பு கட்டிய நீலக் கூடை ஒன்று அங்கிருந்து வந்தது.

கணக்கு

என் வேலை தொடங்கியது இங்கேதான், இதில்தான் அக்காவோடு அதிகம் வாதாடினேன்.

நடுத்தர அளவுக் கூடை ஒன்று போடப் பழகிய கைக்கே ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஒயரும் கைப்பிடிக்குள் வைக்கும் ட்யூபும் சேர்த்து 220 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மணி நேர வேலை, மணிக்கு 45 ரூபாய் என்றாலே கூலி 360. வாடகை, கரண்ட், வெட்டியதில் வீணாகும் துண்டு ஒயர் எல்லாவற்றுக்கும் 60. மொத்தம் 640. லாபம் இன்னும் சேரவே இல்லை. அதே கூடையைச் சந்தையில் 450க்கு ஒருவர் விற்கிறார் என்றால், அவர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. பின்னிய பெண்ணின் நேரத்துக்குக் காசு கொடுக்கப்படவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது அவருடைய சொந்த நேரமாகவோ வீட்டுப் பெண்ணின் நேரமாகவோ இருக்கும். “சும்மா டிவி பாத்துக்கினே போட்டதுதானே” என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். கைவினைத் தொழிலை வறுமையில் வைத்திருப்பது அந்த வாக்கியம்தான்.

விலை 640க்கு மேல் போனால் யார் வாங்குவார்? ஆயிரம் பேர் போடும் அதே கூடை என்றால் வாங்க மாட்டார்கள். செதில் மாட்டாத மீன் கூடை என்றால், ஸ்கேன் கவர் நிற்கும் கூடை என்றால் வாங்குகிறார்கள். புது யோசனைக்கும் நியாயமான கூலிக்கும் உள்ள தொடர்பு இதுதான். யோசனை இல்லாத இடத்தில் விலையைக் குறைத்துத்தான் போட்டியிட முடியும், குறைக்க இருப்பது கூலி மட்டும்தான்.

ரிப்பேருக்கு ஆரம்பத்தில் அக்கா காசே வாங்கவில்லை. பழகியவர்களிடம் எப்படிக் கேட்பது என்ற கூச்சம். கைப்பிடி மாற்ற 40 நிமிஷம் என்றால், மேலே சொன்ன கணக்கில் கூலி 30, ஒயர் 20, இதர செலவு 10. அடக்கமே 60 ரூபாய் ஆகும்போது 80 வாங்குவதில் தவறில்லை. கட்டணப் பலகை வைத்த பிறகும் கூடைகள் வருவது நிற்கவில்லை. அம்மா போட்ட கூடை, தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கூடை என்று கொண்டு வருபவர்கள் 80 ரூபாய்க்குத் தயங்குவதில்லை.

ரிப்பேரில் பெரிய லாபம் நிற்காது. அதை டிசைன் செலவாகப் பார்க்கச் சொன்னேன். பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளரின் வீடு வரை போய் விசாரிக்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கின்றன. இங்கே வாடிக்கையாளர் தானே வந்து, உடைந்த பொருளையும் காட்டி, அதற்குக் கட்டணமும் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அரசு விஷயங்களில் ஒன்றிரண்டு சுருக்கமாக. பொருள் மட்டும் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. இணையச் சந்தையில் விற்றால் முன்பு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அதிலும் விலக்கு கிடைத்தது, ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இடைத்தரகருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்கு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50 ஆயிரம் ரூபாய் மானியமும் உண்டு. அக்கா இன்னும் கடன் எதுவும் வாங்கவில்லை. சரக்கு தேங்காமல் ஓடும் வரை வாங்க வேண்டாம் என்பது அவர் முடிவு, நானும் அதையே சொன்னேன்.

பார்த்துப் போடுபவர்கள்

மீன் கூடையை அக்கம்பக்கத்தில் பார்த்துப் போட ஆரம்பித்துவிட்டார்கள். டிசைன் சட்டம், 2000இன் கீழ் புது வடிவத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் பதிவுக்கு முன்பே வெளியில் விற்ற, படம் போட்ட வடிவத்துக்கு அந்த உரிமை கிடைக்காது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முதலில் போட்டுவிட்டுப் பிறகு யோசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அக்காவுக்கு இதில் ஆர்வம் இல்லை. “நெல்லிக்காய் முடிச்ச நானா கண்டுபுடிச்சேன்?” என்கிறார். பார்த்துப் போட்ட ஒருவரின் கூடையில் கால் உருண்டை கழன்று, அதுவும் ரிப்பேருக்கு இந்த மேசைக்கே வந்தது. எப்படிக் கழன்றது என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

தடைக்காலமும் இன்னும் தீராததும்

மீன்பிடித் தடை நடக்கும் இரண்டு மாதமும் இந்தப் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் கைப்பணம் சுருங்கும். மீன் கூடை விற்பனை படுத்துவிடும். கல்யாண ஆர்டர்களால் முழுதும் ஈடுகட்ட முடிவதில்லை. அந்த நாட்களில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் சிலர் கூலி வேலை கேட்டு வருகிறார்கள். ஆடி மாதத்துக்கும் நவராத்திரிக்கும் தேவையான குட்டிக் கூடைகளை அப்போதே போட்டு அடுக்கிவிடுகிறார்கள். குட்டிக் கூடைக்கு யோசனை அவ்வளவாகத் தேவைப்படாது, கைவேகம்தான் வேண்டும். இரண்டு விதமான வேலையையும் பிரித்து வைத்ததால், சீசன் நெருக்கடியில் புது மாதிரி போட்டுப் பார்க்கும் வேலை அடிபடாமல் இருக்கிறது.

தீராமல் இருப்பது ஆள் பிரச்சினை. கூடை போடும் இளம்பெண்கள் யாரும் ரிப்பேர் மேசையில் உட்கார விரும்புவதில்லை. காரணம் நியாயமானது. புதுக் கூடைக்கு உருப்படிக் கணக்கில் கூலி. எவ்வளவு வேகமாகப் போடுகிறார்களோ அவ்வளவு காசு. ரிப்பேரில் அழுக்கைக் கழுவி, அவிழ்த்து, நிறம் பொருத்தி ஒயர் தேடி, கொண்டு வந்தவரோடு பேசி முடிப்பதற்குள் பாதி நாள் போகும், கையில் வருவது குறைவு. அதனால் எல்லாம் அக்கா தலையில் விழுகிறது. அவருக்கு விரல் மூட்டு வலி ஆரம்பித்துவிட்டது. இந்தத் தொழிலில் வயதாகும் பெண்கள் பலருக்கும் வருவதுதான்.

ரிப்பேருக்கு மட்டும் மணிக்கணக்கில் கூலி தரலாம் என்றேன். நோட்டில் எழுதுவதும் வேலை நேரத்தில் சேர வேண்டும் என்றும் சொன்னேன், அதை எழுதாவிட்டால் மேசை இருந்தும் பயனில்லை. அக்கா ஒத்துக்கொண்டு, சென்ற தடைக்காலம் முடிந்ததிலிருந்து ஒரு பெண்ணை அப்படி வைத்திருக்கிறார். அந்தப் பெண் நன்றாகப் பேசுகிறாள், ஆனால் எழுதுவது சுருக்கமாக இருக்கிறது: “கைப்பிடி மாத்தியாச்சு”, அவ்வளவுதான். எதில் மாட்டினார்கள், உள்ளே என்ன வைத்தார்கள் என்பது விட்டுப்போகிறது. இப்போது கொண்டு வருபவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் குரல் பதிவாக எடுத்து, மாலையில் இருவரும் சேர்ந்து கேட்டு எழுதிப் பார்க்கிறார்கள். நவராத்திரி ஆர்டர் முடிந்ததும் அந்தப் பதிவுகளையும் பழைய நோட்டையும் பக்கத்தில் வைத்து, அடுத்து என்ன கூடை போடுவது என்று முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.